அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களில் பள்ளி மசோதாக்கள்: கண்டுபிடிக்கவும் படிக்கவும் கருத்துச் சொல்லவும் ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோருக்கும் அங்கே வகுப்பெடுக்கும் தமிழ் ஆசிரியர்களுக்கும், கோடை விடுமுறை முடியும் தறுவாயில் பள்ளியிலிருந்து வரும் மின்னஞ்சல் நன்கு பழக்கமானது. இந்த ஆண்டு முதல் கைபேசி கூடாது, வாசிப்புத் தேர்வு மாறுகிறது, நூலகப் புத்தகங்களுக்குப் புதிய நடைமுறை என்று ஏதேனும் ஒன்றை அறிவித்துவிட்டு, காரணமாக "மாநிலச் சட்டப்படி" என்பதோடு அது நிறுத்திக்கொள்ளும். பள்ளி முதல்வரிடம் கேட்டால் தம் கையில் ஒன்றுமில்லை என்பார். அது பெரும்பாலும் உண்மையே. முடிவு பல மாதங்களுக்கு முன்பே மாநிலத் தலைநகரில் ஒரு குழுக்கூட்ட அறையில் எடுக்கப்பட்டிருக்கும். அந்த அறையில் பேச யாருக்கும் தடையில்லை, ஆனால் எந்த நாளில் எந்த மசோதா அங்கே வருகிறது என்று தெரிந்தவர்கள்தாம் போயிருப்பார்கள். அப்படித் தெரிந்துகொள்வதற்கும், தெரிந்த பின் செய்யவேண்டியவற்றுக்கும் உரிய வழிமுறைகளை இங்கே எழுதுகிறேன்.

முதலில், யாரிடம் கேட்பது

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் கல்வி என்ற சொல்லே இல்லை. கூட்டரசுக்கு, அதாவது நாடு முழுமைக்குமான மத்திய அரசுக்கு, ஒப்படைக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியவை என்று பத்தாம் திருத்தம் சொல்வதால், பள்ளிக்கூடம் மாநிலத்தின் பொறுப்பாகிவிட்டது. டெக்சாஸில் சான் அன்டோனியோ நகரின் ஏழைப் பள்ளி மாவட்டமொன்றின் (ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பே பள்ளி மாவட்டம்) பெற்றோர் தொடுத்த வழக்கில், கூட்டரசு அரசமைப்பின்படி கல்வி அடிப்படை உரிமையாகாது என்று உச்ச நீதிமன்றம் 1973இல் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதற்குப் பின் பள்ளி நிதி பற்றிய சண்டைகள் பெரும்பாலும் மாநில நீதிமன்றங்களுக்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் நகர்ந்தன. பள்ளிகளுக்கு ஆகும் செலவில் கூட்டரசின் பங்கு வழக்கமான ஆண்டுகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். மீதியை மாநில வரிகளும் உள்ளூர்ச் சொத்து வரியும் சுமக்கின்றன.

ஆகவே எந்தக் குறையானாலும், அது எந்த அடுக்கில் தீர்மானிக்கப்படுகிறது என்று கேட்டுக்கொள்வதே முதல் வேலை. பேருந்துத் தடம், பள்ளி எல்லை, பள்ளி தொடங்கும் மணி ஆகியவை பொதுவாகப் பள்ளி மாவட்டத்தின் வாரியத்திடம் இருக்கும். ஆசிரியர் உரிமம், ஆண்டில் குறைந்தபட்சம் எத்தனை நாள் அல்லது மணி நேரம் பாடம் நடக்கவேண்டும், பட்டம் பெறத் தேவையான பாடங்கள், ஓய்வூதியம், மாவட்டம் எவ்வளவு வரி விதிக்கலாம் என்ற உச்சவரம்பு ஆகியவை மாநிலத்தின் கையில். மாற்றுத்திறன் மாணவர்களுக்கான கல்வி உரிமையிலும் மதிய உணவுத் திட்டத்திலும் கூட்டரசின் சட்டம் குறுக்கிடும். வாரியக் கூட்டத்தில் இரவு பத்து மணி வரை காத்திருந்து, வாரியத்தால் மாற்றவே முடியாத ஒன்றைப் பற்றி மூன்று நிமிடம் ஆவேசமாகப் பேசிவிட்டுத் திரும்புகிறவர்கள் பலர்; அந்த மூன்று நிமிடங்களை ஜனவரியில் தலைநகரில் செலவழித்திருந்தால் பயன் இருந்திருக்கும்.

ஆசிரியர்களுக்கு இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. சம்பள ஒப்பந்தத்தைத் தொழிற்சங்கம் பேசி முடிக்கலாமா என்பதையே மாநிலம்தான் தீர்மானிக்கிறது. விஸ்கான்சினில் 2011இல் நிறைவேறிய 'ஆக்ட் 10' சட்டம் கூட்டுப் பேரத்தை அடிப்படை ஊதியத்தோடு நிறுத்தியது. வட கரோலினாவில் அரசு ஊழியர்களுடன் அத்தகைய ஒப்பந்தம் செய்தாலே செல்லாது. மேற்கு விர்ஜீனியாவில் ஊதிய அட்டவணையை மாநிலமே வகுப்பதால்தான் 2018இல் 55 கவுண்ட்டிகளின் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்து சார்ல்ஸ்டனில் உள்ள சட்டமன்றக் கட்டடத்தில் திரண்டார்கள். ஒன்பது பள்ளி நாள்களுக்குப் பின் 5 விழுக்காடு உயர்வு கிடைத்தது.

மாநிலத்தின் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு. உரிய குடியேற்ற ஆவணம் இல்லாத பிள்ளைகளைப் பள்ளிகள் சேர்க்க மறுக்கலாம் என்று டெக்சாஸ் 1975இல் இயற்றிய சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1982இல் செல்லாததாக்கியது. பெற்றோரின் விசா நிலையைக் காரணம் காட்டி ஒரு பிள்ளைக்குப் பள்ளி மறுக்கப்பட முடியாது என்ற நிலை அந்தத் தீர்ப்பால் வந்தது.

சட்டமன்றத்தின் நாட்காட்டி

அமெரிக்க நாடாளுமன்றம்போல ஆண்டு முழுவதும் நடக்கும் என்று நினைத்துவிடவேண்டாம். டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், ஜனவரியின் இரண்டாம் செவ்வாயன்று கூடி 140 நாள் நடக்கும். மொன்டானா, நெவாடா, வட டகோட்டா ஆகியவையும் ஈராண்டுக்கு ஒருமுறைதான் வழக்கமாகக் கூடுகின்றன. ஃபுளோரிடாவின் கூட்டத்தொடர் 60 நாள். கலிஃபோர்னியாவிலும் நியூ ஜெர்சியிலும் தொடர் இரண்டாண்டு நீள்வதால், முதலாண்டில் தூங்கிய மசோதா அடுத்த ஆண்டில் விழித்துக்கொள்ளக்கூடும். டெக்சாஸில் அப்படியில்லை: தொடர் முடிந்தால் மசோதாவும் முடிந்தது. நெப்ராஸ்காவில் 49 உறுப்பினர் கொண்ட ஒரே அவைதான்; மற்ற 49 மாநிலங்களிலும் இரண்டு அவைகள்.

வரவுசெலவுத் திட்டத்துக்குத் தனி நாட்காட்டி உண்டு. பெரும்பாலான மாநிலங்களுக்கு நிதியாண்டு ஜூலை 1இல் பிறக்கிறது. நியூயார்க்குக்கு ஏப்ரல் 1, டெக்சாஸுக்குச் செப்டம்பர் 1. பள்ளிகளைப் பாதிக்கும் பெரிய முடிவுகள் பல, கல்விக் குழுவின் மசோதாக்களில் இல்லாமல் இந்த நிதி மசோதாவின் நடுப்பக்கங்களில் ஒளிந்திருக்கும். கல்விக் குழுவை மட்டும் கவனித்துக்கொண்டு நிதிக் குழுவை விட்டுவிடுவது, புதிதாக வருகிறவர்கள் வழக்கமாகத் தவறவிடும் இடம்.

மசோதாவைக் கண்டுபிடிப்பது

ஒவ்வொரு சட்டமன்றத்துக்கும் இணையத்தளம் உண்டு. மசோதா எண்ணோ ஒரு சொல்லோ தந்து தேடலாம். கீழவையில் பிறந்தது எச்பி அல்லது ஏபி என்றும், மேலவையான செனட்டில் பிறந்தது எஸ்பி அல்லது எஸ் என்றும் எண்ணுக்கு முன்னால் குறிக்கப்படும். ஐம்பது மாநிலங்களின் மசோதாக்களையும் ஓரிடத்தில் காண லெஜிஸ்கேன், ஓப்பன் ஸ்டேட்ஸ் ஆகிய தளங்கள் உள்ளன. பத்துப் பதினைந்து மசோதாக்களுக்கு மேல் பின்தொடர முயலவேண்டாம். உங்கள் வகுப்பையோ பிள்ளையையோ நேராகத் தொடும் மூன்று நான்கைத் தேர்ந்து, தளத்திலேயே மின்னஞ்சல் அறிவிப்புக்குப் பதிவு செய்துகொண்டால் போதும். செய்தித்தாள் ஒரு மசோதாவைப் பற்றி எழுதும்போது எண்ணைச் சொல்லாமல் விட்டிருந்தால், அதை முன்மொழிந்த உறுப்பினரின் பெயரைக் கொண்டு தேடுங்கள்.

படிக்கும் முறை

இதுதான் அதிக நேரம் கேட்கும் பகுதி, அதிகப் பலன் தருவதும் இதுவே. மசோதா பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் சட்டத்தைத் திருத்துவதாகவே எழுதப்பட்டிருக்கும். பல மாநிலங்களில் புதிதாகச் சேர்ப்பது அடிக்கோடிட்டும், நீக்குவது குறுக்குக் கோடிட்டும் காட்டப்படும். முதல் வாசிப்பில் அந்த இரண்டை மட்டும் படித்தால் போதும். நாற்பது பக்க மசோதா அப்போது மூன்று பக்கமாகச் சுருங்கிவிடும். எந்தப் பதிப்பைப் படிக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். அறிமுகமானபோது இருந்த வாசகம் வேறு, குழு திருத்தி அனுப்பியது வேறு, இரண்டு அவைகளும் ஏற்றது வேறு. மசோதாவின் உள்ளே இருந்ததை முழுவதும் எடுத்துவிட்டு, அதே எண்ணில் வேறொரு பொருளை வைத்து நிறைவேற்றும் பழக்கமும் உண்டு. அதைக் கட்டுப்படுத்தத்தான் கலிஃபோர்னிய வாக்காளர்கள் 2016இல் 54ஆம் முன்மொழிவை ஏற்றார்கள். இறுதி வாக்கெடுப்புக்கு 72 மணி நேரம் முன்பே மசோதாவின் வாசகம் இணையத்தில் இருக்கவேண்டும் என்று அது விதிக்கிறது.

அடுத்து, கட்டாயமா அனுமதியா என்று பிரித்துப் படிக்கவேண்டும். பள்ளி மாவட்டம் "செய்யவேண்டும்" என்ற வாசகமும் "செய்யலாம்" என்ற வாசகமும் ஒரே தலைப்புச் செய்தியைத் தரலாம், ஆனால் ஒரே விளைவைத் தருவதில்லை. கைபேசிச் சட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸில் 2025 ஜூனில் கையெழுத்தான எச்பி 1481 பள்ளி நேரம் முழுவதற்கும் பயன்பாட்டைத் தடுத்தது; மருத்துவக் காரணங்களுக்கும் மாற்றுத்திறன் காரணமாகத் தனிநபர் கல்வித் திட்டம் உள்ள மாணவர்களுக்கும் விலக்கு வைத்து, மாவட்டங்கள் 90 நாளுக்குள் தம் விதியை ஏற்கவேண்டும் என்றது. கலிஃபோர்னியாவின் ஏபி 3216, 2024 செப்டம்பரில் கையெழுத்தானது; மாவட்டங்கள் கைபேசியை "வரம்பிடவோ தடை செய்யவோ" 2026 ஜூலை 1க்குள் ஒரு கொள்கை வகுக்கவேண்டும், அதைப் பெற்றோர், ஆசிரியர், மாணவர் ஆகியோரைக் கலந்து செய்யவேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும் என்றது. செய்தியில் இரண்டுமே "கைபேசித் தடை". டெக்சாஸின் ஆஸ்டினில் இருக்கும் பெற்றோருக்குப் பேசவேண்டிய இடம் சட்டமன்றமாக இருந்தது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் இருப்பவருக்கோ, சட்டம் நிறைவேறிய பிறகு தம் ஊர் வாரியத்தில்தான் உண்மையான முடிவு காத்திருந்தது.

வரையறைப் பிரிவை யாரும் படிப்பதில்லை. அதில் என்ன இருந்துவிடப்போகிறது என்ற அலட்சியம்தான். நியூயார்க் நகர அரசுப் பள்ளிகளுக்குத் தீபாவளி விடுமுறை தரும் சட்டத்தில் ஆளுநர் கேத்தி ஹோக்கல் 2023 நவம்பரில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டம் தீபாவளியை "இந்திய நாட்காட்டியின் எட்டாம் மாதத்தின் பதினைந்தாம் நாள்" என்று வகுக்கிறது. அது கார்த்திகை மாதம் எட்டாவதாக வரும் வட இந்தியக் கணக்கு. நமக்கோ தீபாவளி ஐப்பசியில், ஏழாம் மாதத்தில் வருகிறது. 2024இல் நாம் எண்ணெய் தேய்த்துக் குளித்தது அக்டோபர் 31, வியாழக்கிழமை. நியூயார்க் நகரப் பள்ளிகள் மூடியது மறுநாள் வெள்ளிக்கிழமை. விடுமுறை கிடைத்ததே பெரிய காரியம் என்பதை மறுக்கவில்லை, ஆனால் வரையறையில் உள்ள ஒரு வரி யாருடைய வழக்கத்தைச் சட்டமாக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

பணத்தைப் பற்றிய பகுதிக்கு வருவோம். பல மாநிலங்களில் மசோதாவோடு நிதிக் குறிப்பு என்ற ஆவணம் இணைந்திருக்கும். அரசுக்கு எவ்வளவு செலவு, உள்ளூர் மாவட்டங்களுக்கு எவ்வளவு சுமை என்பதை அது மதிப்பிடும். "மாவட்டங்கள் தம் தற்போதைய வளங்களைக் கொண்டு சமாளிக்கும்" என்ற பொருளில் ஏதேனும் எழுதியிருந்தால், கடமை வருகிறது, காசு வரவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். மொத்தத் தொகையைக் கண்டு மலைக்கவும் வேண்டாம். டெக்சாஸ் 2025இல் நிறைவேற்றிய எச்பி 2, பள்ளிகளுக்குச் சுமார் 850 கோடி டாலர் தந்ததாகப் பேசப்பட்டது. மாவட்டம் தன் விருப்பப்படி செலவிடக்கூடிய, ஒரு மாணவருக்கான அடிப்படை ஒதுக்கீடு 2019 முதல் 6,160 டாலரில் நின்றிருந்தது. அந்தச் சட்டம் அதை உயர்த்தியது 55 டாலர். மீதியில் பெரும்பகுதி ஆசிரியர் ஊதியம் முதலான குறிப்பிட்ட செலவுகளுக்கு எனக் கட்டப்பட்டுவிட்டது. ஊதியத்திலும் ஒரு நுணுக்கம்: ஐந்தாண்டும் அதற்கு மேலும் அனுபவமுள்ள ஆசிரியருக்கு, 5,000 மாணவருக்கு மேற்படாத மாவட்டமானால் 8,000 டாலர், பெரிய மாவட்டமானால் 5,000 டாலர். டாலஸ், ஹூஸ்டன் புறநகர்களில் தமிழர் அதிகம் வாழும் மாவட்டங்கள் எல்லாம் பெரியவை. அங்கே பணிபுரியும் ஆசிரியர் தலைப்பில் உள்ள பெரிய எண்ணை நம்பி வீட்டுக்கடன் கணக்குப் போட்டிருந்தால் ஏமாந்திருப்பார்.

தேதிகளையும் எண்களையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். விஸ்கான்சினில் நிதி மசோதாவின் சில சொற்களை மட்டும் அடித்துவிட்டு மீதியைச் சட்டமாக்கும் பகுதி வீட்டோ அதிகாரம் ஆளுநருக்கு உண்டு. 2023 ஜூலையில் ஆளுநர் டோனி எவர்ஸிடம் வந்த வரவுசெலவு மசோதா, பள்ளிகள் ஒரு மாணவருக்குத் திரட்டக்கூடிய வருவாயின் உச்சவரம்பை 2023-24, 2024-25 ஆகிய இரண்டு கல்வியாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 325 டாலர் உயர்த்தியிருந்தது. அவர் 2024-25 என்பதில் 20 என்ற எண்ணையும் நடுவில் இருந்த சிறு கோட்டையும், கூடவே சில சொற்களையும் அடித்தார். மிஞ்சியது 2425. இரண்டாண்டுக்கு என்று எழுதப்பட்ட உயர்வு 400 ஆண்டுகளுக்கு மேல் நீண்டுவிட்டது. வழக்குத் தொடுத்தார்கள், மாநில உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் 4-3 என்ற கணக்கில் அவர் செய்தது செல்லும் என்றது. எல்லா மாநில ஆளுநர்களுக்கும் இந்தக் கைவரிசை இயலாது. ஆயினும் தத்தம் மாநிலத்தில் வீட்டோவின் வீச்சு எவ்வளவு என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

நடைமுறைக்கு வரும் நாள் வழக்கமாக மசோதாவின் கடைசிப் பிரிவில் இருக்கும். டெக்சாஸில் இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால் உடனே நடைமுறைக்கு வரலாம். அது இல்லையென்றால் தொடர் முடிந்து 90 நாள் கழிந்த பிறகே வரும் என்பதால், பல சட்டங்கள் செப்டம்பர் 1ஐக் குறித்துவைக்கின்றன. கலிஃபோர்னியாவில் சாதாரணச் சட்டம் அடுத்த ஜனவரி 1இல் உயிர்பெறும்.

மசோதா எங்கே சாகிறது

அவையின் முழுக்கூட்டத்தில் தோற்கும் மசோதாக்கள் சில. மிகப் பல, குழுவின் தலைவர் விசாரணைக்கு நாள் குறிக்காததாலேயே சத்தமில்லாமல் சாகின்றன. கொலராடோவில் 1988இல் வாக்காளர்கள் ஏற்ற திருத்தம் ஒன்றால் ஒவ்வொரு மசோதாவுக்கும் குழு விசாரணையும் வாக்கெடுப்பும் கட்டாயம். நெப்ராஸ்காவிலும் ஒவ்வொரு மசோதாவுக்கும் பொதுவிசாரணை உண்டு. மற்ற இடங்களில் பொதுவாகத் தலைவர் மனம் வைத்தால்தான். ஆகையால் உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுவதைப் போலவே, கல்விக் குழுத் தலைவருக்கும் குழுவின் மற்ற உறுப்பினர்களுக்கும் எழுதுவது முக்கியம். குழு விசாரணைக்கான அறிவிப்பு சில நாள் முன்புதான் வரும், சில வேளை ஒரே நாள் இடைவெளிகூட இருக்காது. அறிவிப்பு வந்த பிறகு எழுதத் தொடங்கினால் நேரம் போதாது. சொல்லவேண்டியதை மசோதா குழுவுக்கு அனுப்பப்பட்ட வாரத்திலேயே எழுதிவைத்துவிடுங்கள்.

சொல்லவேண்டியதைச் சொல்வது

நேரில் போகாமலும் பதிவு செய்ய வழியுண்டு. இல்லினாயில் சாட்சிச் சீட்டு எனப்படும் இணையப் படிவத்தை நிரப்பி, ஆதரவா எதிர்ப்பா என்று குறித்தாலே குழுவின் பதிவில் ஏறிவிடும். வாஷிங்டன் மாநிலத்தில் வீட்டிலிருந்தே காணொலி வழியாகப் பேசலாம். எழுத்துச் சாட்சியம் பல மாநிலங்களில் ஏற்கப்படுகிறது. நேரில் பேசினால் வழக்கமாக இரண்டு அல்லது மூன்று நிமிடம்தான் தருவார்கள், விளக்கு சிவந்ததும் நிறுத்தவேண்டும்.

அமைப்புகள் எழுதித்தரும் ஒரே மாதிரிக் கடிதத்தை நூறு பேர் அனுப்பினால் அது ஒரு எண்ணாக மட்டும் எண்ணப்படும். உங்கள் வகுப்பறையிலிருந்து எழும் கணக்கு ஒன்று அதைவிடக் கனமானது. இரண்டாம் வகுப்பு மாணவர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு மூன்று முறை தனித்தனியே வாசிப்புச் சோதனை நடத்தவேண்டும் என்று ஒரு மசோதா வருவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதற்கான கடிதத்தின் சாரம் இப்படி இருக்கலாம்:

"நான் உங்கள் தொகுதியில் வசிக்கிறேன், இரண்டாம் வகுப்பு ஆசிரியர். இந்த மசோதாவைத் திருத்தத்தோடு ஆதரிக்கிறேன். சோதனையின் நோக்கம் நல்லது. என் வகுப்பில் 24 மாணவர்கள். ஒருவருக்கு 20 நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு 8 மணி நேரம், மூன்று சுற்றுக்கு 24 மணி நேரம். அந்த நேரத்தில் மற்ற 23 பேருக்குப் பாடம் நடத்த மாற்று ஆசிரியருக்கான நிதி மசோதாவில் இல்லை. 2ஆம் பிரிவில் 'மூன்று முறை' என்பதை 'இரண்டு முறை' என்று மாற்றவோ, அல்லது மாற்று ஆசிரியருக்கான செலவை மாநிலம் ஈடுசெய்யும் என்ற வரியைச் சேர்க்கவோ வேண்டுகிறேன்."

இதில் நிலைப்பாடு முதலிலேயே இருக்கிறது, எந்தப் பிரிவு என்று இருக்கிறது, மாற்று வாசகம் இருக்கிறது. உறுப்பினரின் உதவியாளர்தான் இதை முதலில் படிப்பார். அவர் அப்படியே வெட்டித் திருத்தத் தீர்மானத்தில் ஒட்டக்கூடிய வரியைத் தருவதைவிடப் பெரிய உதவி அவருக்கு இல்லை. கோபத்தைக் கடைசி வரிக்கு ஒத்திவையுங்கள், முடிந்தால் அதையும் நீக்கிவிடுங்கள்.

ஆசிரியர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. இல்லினாயில் மார்வின் பிக்கரிங் என்ற உயர்நிலைப்பள்ளி ஆசிரியர், பள்ளி வாரியம் பணத்தைக் கையாண்ட விதத்தைக் கண்டித்து உள்ளூர்ச் செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதியதற்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். பொதுநலன் சார்ந்த விஷயத்தில் குடிமகனாகப் பேசும் உரிமை ஆசிரியருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1968இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தப் பாதுகாப்பு முழுமையானதன்று. பணிக்கடமையின் பகுதியாகப் பேசும் பேச்சுக்கு அது பொருந்தாது என்று 2006இல் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே சொந்த மின்னஞ்சல், சொந்தக் கணினி, சொந்த நேரம். பள்ளியின் கடிதத்தாளோ மாணவர் பட்டியலோ கூடாது. "நான் மாவட்டத்தின் சார்பில் பேசவில்லை" என்ற வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விசாரணைக்குப் போகவேண்டுமானால் முறையாக விடுப்பு எடுத்துக்கொண்டு போங்கள். எந்த மாணவரையும் அடையாளம் தெரியும்படி குறிப்பிடாதீர்கள். சாட்சியம் பொது ஆவணம், பிறகு திரும்பப் பெற முடியாது.

விசாவில் இருக்கும் நாங்கள் பேசலாமா என்று பல பெற்றோர் தயங்குகிறார்கள். உறுப்பினருக்கு எழுதவும் குழுவின் முன் சாட்சியம் அளிக்கவும் குடியுரிமை வேண்டியதில்லை. உங்கள் பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்கிறது, உங்கள் வீட்டின் சொத்து வரி அதற்குப் போகிறது, அதைச் சொல்லியே தொடங்கலாம். செய்யக்கூடாதது தேர்தல் நன்கொடை. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் கூட்டரசு, மாநில, உள்ளூர்த் தேர்தல் எதற்கும் பணம் தருவதைக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. பச்சை அட்டை உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை. ஓர் உறுப்பினரின் தேநீர் விருந்துக்கு அழைப்பு வந்தால், அது நிதி திரட்டும் கூட்டமா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

கையெழுத்துக்குப் பிறகு

ஆளுநர் கையெழுத்திட்டதும் பெரும்பாலோர் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். சட்டம் பொதுவாகச் சொன்னதை விதிகளாக விரிக்கும் பொறுப்பு மாநிலக் கல்வித் துறைக்கோ மாநிலக் கல்வி வாரியத்துக்கோ போகும். வரைவு விதி வெளியானதும் பொதுமக்கள் கருத்துச் சொல்லக் குறிப்பிட்ட நாள்கள் தரப்படும். கலிஃபோர்னியாவில் பொதுவாக அது 45 நாள். இந்தக் கட்டத்தில் கூட்டமும் குறைவு, வாசகத்தை மாற்றும் வாய்ப்பும் அதிகம். டெக்சாஸ் 2025 மே மாதத்தில் எஸ்பி 2 வழியாகத் தனியார் கல்விச் செலவுக்கென 100 கோடி டாலர் ஒதுக்கியபோதும், திட்டத்தை எப்படி நடத்துவது, விண்ணப்பம் எப்படி இருக்கும் என்பன போன்ற பல விவரங்கள் கையெழுத்துக்குப் பின்னர் விதிகளாக எழுதப்படவேண்டியிருந்தன.

அதற்கும் அடுத்த படி உங்கள் பள்ளி மாவட்டத்தின் வாரியம். சட்டத்துக்கு ஏற்பத் தன் கொள்கைகளை அது திருத்தும்போது, மாநிலப் பள்ளி வாரியங்களின் சங்கம் தரும் மாதிரி வாசகத்தை அப்படியே ஏற்றுக்கொள்வது வழக்கம். நிகழ்ச்சிநிரலில் அது விவாதமின்றி மொத்தமாக நிறைவேற்றும் பட்டியலில் வந்துபோகும். வாரியக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரல் இணையத்தில் வெளியாகும் நாளைத் தெரிந்துகொண்டு, அந்தப் பட்டியலில் சட்டத்தின் எண்ணைத் தேடுங்கள். மாதிரி வாசகம் சட்டம் கேட்டதைவிட அதிகமாகக் கேட்கிறதா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கேட்கிறது என்றால், அந்தப் பொருளைத் தனியே எடுத்து விவாதிக்குமாறு கூட்டத்துக்கு முன்பே வாரிய உறுப்பினர் ஒருவருக்கு எழுதுங்கள். பல வாரியங்களில் ஓர் உறுப்பினர் கேட்டாலே அந்தப் பொருள் மொத்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிடும்.